பூட்டிய வீட்டில் ஒளிந்த திருடன்

காரைக்குடியிலிருந்து திருவாரூர் செல்லும் ரயிலில் ஏறி உட்கார்ந்தால், சிறிது நேரத்துக்கெல்லாம் நெல் அவிக்கும் வாசனை மூக்கைத் துளைக்கும். 'கண்டனூர் புதுவயல்' என்ற பலகை கண்ணில் படுவதற்கு முன்பே ஊர் வந்துவிட்டதென்று மூக்கு சொல்லிவிடும். செட்டிநாட்டில் மற்ற ஊர்களுக்கு மாளிகை வீடுகளால் பெயர் என்றால், புதுவயலுக்கு அரிசி ஆலைகளால் பெயர்.

அந்த ஆலைகளில் ஒன்றுக்குள் நுழைந்து பாருங்கள். ஊறவைத்து, அவித்து, காயவைத்து, உமி நீக்கி, தவிடு நீக்கி வருகிற அரிசி, கடைசியில் ஒரு யந்திரத்துக்குள் அருவி மாதிரி விழுகிறது. அதற்குக் 'கலர் சார்ட்டர்' என்று பெயர். விழுகிற ஒவ்வொரு அரிசியையும் ஒரு காமிராக் கண் பார்க்கிறது. கறுத்த அரிசி ஒன்று வந்ததோ இல்லையோ, 'புஸ்' என்று ஒரு காற்று வந்து அதை மட்டும் தட்டி அப்புறப்படுத்துகிறது. பக்கத்தில் விழும் நல்ல அரிசிக்கு ஒரு சேதமும் இல்லை! முன்பெல்லாம் முறமும் கையுமாகப் பெண்கள் உட்கார்ந்து நாள் முழுவதும் செய்த வேலை. இப்போது கண் மூடித் திறப்பதற்குள் ஆகிவிடுகிறது.

இப்படி ஓர் யந்திரம் உங்கள் உடம்புக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கிறது. ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்களில் 'டி' அணுக்கள் என்று ஒரு ஜாதி உண்டு. மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் என்ற சுரப்பியில் பாடம் படித்துவிட்டு வெளியே வருகிறவை. ஆங்கிலத்தில் அந்தச் சுரப்பியின் முதல் எழுத்துத்தான் இந்த 'டி'. உடம்பு முழுவதும் சுற்றி வந்து, எதிர்ப்படும் ஒவ்வொரு அணுவையும் தொட்டுப் பார்த்து, 'நீ நம்மவனா, அந்நியனா?' என்று விசாரிப்பதே இவற்றின் உத்தியோகம். அந்நியன் என்று தெரிந்தால் அங்கேயே தீர்த்துவிடும்.

அப்படியானால் புற்று நோய் எப்படி வருகிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. புற்று அணு வெளியூர்த் திருடன் அல்ல. நம் உடம்பிலேயே பிறந்து, நம் வீட்டுப் பிள்ளையின் முக ஜாடையோடு திரிகிறவன். 'டி' அணு பார்க்கிறது, 'நம்மவன்தானே!' என்று விட்டுவிடுகிறது. கறுத்த அரிசி வெள்ளைச் சாயம் பூசிக்கொண்டு வந்தால் கலர் சார்ட்டர் என்ன செய்யும், பாவம்!

விஞ்ஞானிகள் செய்த தந்திரம் இதுதான்: நோயாளியின் ரத்தத்திலிருந்து 'டி' அணுக்களைப் பிரித்து எடுப்பது, அவற்றுக்குப் புதிய கண் ஒன்றைப் பொருத்துவது, லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் பெருக்கி, மறுபடியும் அதே நோயாளியின் உடம்புக்குள் விடுவது. புதிய கண்ணைச் செய்வதற்கான சூத்திரத்தை அணுவுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் தபால்காரர் யார் தெரியுமா? பல் பிடுங்கிய ஒரு வைரஸ் கிருமி!

இதற்குக் 'கார்-டி' வைத்தியம் என்று பெயர். மோட்டார் காருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. 'கார்' என்பது மூன்று ஆங்கில எழுத்துக்கள். அவற்றில் முதல் எழுத்து, கிரேக்கக் கதையில் வரும் 'கிமேரா' என்ற மிருகத்தைக் குறிக்கும். சிங்கத்தின் தலை, ஆட்டின் உடல், பாம்பின் வால். நம் கோவில் தூண்களில் நிற்கும் யாளியை நினைத்துக்கொள்ளுங்கள். புதிய கண்ணும் அப்படித்தான். கிருமியைப் பிடிக்கும் எதிர்ப்புப் பொருளின் தலை, 'டி' அணுவின் வால். இரண்டையும் ஒட்டவைத்த யாளி. இஸ்ரேலைச் சேர்ந்த ஸெலிக் எஷ்ஹார் என்ற விஞ்ஞானி 1980-களின் கடைசியில் இந்த யாளியைப் படைத்தார்.

படைத்ததற்கும் பலித்ததற்கும் இடையே இருபது வருஷங்களுக்கு மேல் ஓடிவிட்டன. 2012-ம் ஆண்டு அமெரிக்காவில், பிலடெல்பியா குழந்தைகள் ஆஸ்பத்திரியில், எமிலி ஒயிட்ஹெட் என்ற ஆறு வயதுச் சிறுமிக்கு இந்த அணுக்களைச் செலுத்தினார்கள். ரத்தப் புற்று, இரண்டு முறை மருந்துக்கு அடங்கியதுபோல் அடங்கித் திரும்பி வந்த நோய். அணுக்கள் உள்ளே போனதும் குழந்தைக்கு அனலாய் ஜுரம். ரத்த அழுத்தம் சரிந்தது. செயற்கைச் சுவாசத்தில் வைத்தார்கள். உள்ளே நடந்த யுத்தத்தின் புகைதான் அது. ரத்தத்தைப் பரிசோதித்ததில் ஒரு ரசாயனம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. இந்த ஆராய்ச்சியின் தலைவரான டாக்டர் கார்ல் ஜூனின் மகளுக்கு மூட்டு வாதம். ஆகவே, அதே ரசாயனத்தை அடக்கும் மூட்டு வாத மருந்து ஒன்று இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது! கொடுத்துப் பார்த்தார்கள். சில மணி நேரத்தில் ஜுரம் இறங்கத் தொடங்கியது. சில வாரங்களில் ரத்தத்தில் புற்றையே காணோம். அந்தக் குழந்தை வளர்ந்து, பள்ளிக்கூடம் முடித்து, பல்கலைக் கழகத்துக்கும் படிக்கப் போய்விட்டாள்.

2017-ல் அமெரிக்க அரசு இந்த வைத்தியத்தை அங்கீகரித்தது. விலை? 4,75,000 டாலர்! அன்றைய மதிப்பில் ஏறக்குறைய மூன்று கோடி ரூபாய். ஆஸ்பத்திரிச் செலவு தனி.

நம் நாட்டுக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. பம்பாய் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ராகுல் புர்வாரும் அவருடைய மாணவர்களும், டாட்டா நினைவு ஆஸ்பத்திரி டாக்டர்களுடன் சேர்ந்து, சொந்தமாகவே ஒரு யாளியைச் செய்தார்கள். 2021 ஜூன் மாதம் முதல் நோயாளிக்குக் கொடுத்தார்கள். 2023 அக்டோபரில் மத்திய அரசின் அங்கீகாரம் கிடைத்தது. 2024 ஏப்ரல் 4-ந் தேதி ஜனாதிபதி திரௌபதி முர்மு அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். 'நெக்ஸ்கார்19' என்பது அதன் பெயர். மற்ற மருந்துகள் கைவிட்ட ரத்தப் புற்று நோயாளிகளில், கிட்டத்தட்ட நாலில் மூன்று பேருக்கு இது பலன் கொடுத்ததாக 2025-ல் அறிக்கை வெளியாயிற்று. விலை 40 லட்ச ரூபாய் அளவில். அமெரிக்க விலையோடு பார்த்தால் சகாயம். நம் வீட்டு வரவோடு பார்த்தால் மயக்கம் வருகிறது. நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலோ, ஆஸ்பத்திரிக்குள்ளேயே இந்த அணுக்களைத் தயார் செய்து, சுமார் 9 நாட்களில் நோயாளிக்குத் திருப்பிச் செலுத்தும் முறையைச் சோதித்து வெற்றி கண்டிருக்கிறார்கள்.

இவ்வளவும் பத்திரிகைகளில் வந்த சேதிதான். வந்ததனால்தான் வம்பும் வந்தது.

புதுவயலில் ஓர் ஆச்சி என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏன் தம்பி, நம்ம ரத்தத்தையே எடுத்துப் பழக்கி உள்ளே விட்டா புத்து கரைஞ்சு போயிருமாம்ல? பேப்பர்ல போட்ருக்காகளே! எங்க தம்பிக்கு வயித்துல இருக்குங்கிறாக. வயக்காட்டை வித்துப்புட்டுப் போயிறலாமா?"

"ஆச்சி, பத்திரத்தைப் பெட்டியிலேயே வையுங்கள். முதலில் நான் சொல்வதைக் கேளுங்கள்" என்றேன். அவருக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

மேலே சொன்ன வெற்றிகள் எல்லாம் ரத்தப் புற்றில். வயிறு, மார்பு, கருப்பை வாய், நுரையீரல், வாய், குடல் ஆகிய இடங்களில் கட்டியாக வரும் புற்று வேறு சமாசாரம். பெரியவர்களுக்கு வரும் புற்றுகளில் பத்தில் ஒன்பது பங்கு இந்தக் கட்டி ஜாதிதான். அதிலும் வயிற்றுப் புற்று, சென்னையில் ஆண்களுக்கு வரும் புற்றுகளில் நெடுங்காலமாக முன்வரிசையில் நிற்பது. ஆகவே ஆச்சியின் கேள்வி ஒரு வீட்டுக் கேள்வி அல்ல.

ஏன் வேறு சமாசாரம்? செட்டிநாட்டு வீட்டையே உதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ரத்தப் புற்று தெருவில் நடமாடும் திருடன். சிப்பாய்களும் அதே தெருவில் ரோந்து வருகிறார்கள். எதிரே வந்தால் பிடி! முடிந்தது காரியம். கட்டிப் புற்றோ, பூட்டிய வீட்டின் மூன்றாங்கட்டில் ஒளிந்திருக்கும் திருடன். திண்ணை தாண்ட வேண்டும், முகப்பு தாண்ட வேண்டும், இரும்புச் சாவி போட்ட நிலைக்கதவைத் திறக்க வேண்டும், வளவைக் கடந்து இரண்டாங்கட்டுக்குள் போக வேண்டும். கட்டியைச் சுற்றி நார் போன்ற சதை மதிலாக எழும்பியிருக்கிறது. உள்ளே போகும் ரத்தக் குழாய்களோ கோணல் மாணல். பாதி வழியில் அடைத்துக்கொண்டவை. ஊசியில் ஏற்றிய அணுக்களில் மிகப் பெரும்பகுதி வாசலிலேயே நின்றுவிடும்.

உள்ளே நுழைந்தாலும் நிம்மதி இல்லை. திருடன் வீட்டுக் காவற்காரர்களுக்கு லஞ்சம் கொடுத்து வைத்திருக்கிறான்! உடம்பின் மற்றச் சில வெள்ளை அணுக்கள் அவன் பக்கம் சேர்ந்துகொண்டு, வந்த சிப்பாயைத் தட்டிக் கொடுத்துத் தூங்க வைக்கின்றன. பிராணவாயு குறைவு, புளிப்பு அதிகம், சாப்பிடச் சர்க்கரை இல்லை. இருக்கிற சர்க்கரையையெல்லாம் புற்று விழுங்கிவிடுகிறது. பத்து நாள் சண்டை போட்ட 'டி' அணு களைத்துப் போய், உயிரோடு இருந்தும் கை ஓங்காமல் நிற்கும்.

இவை இரண்டையும்விடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு: அடையாளம். ரத்தப் புற்றில் சிப்பாய்கள் தேடும் அடையாளம், நல்ல 'பி' அணுக்களின் மேலும் உண்டு. அவையும் சேர்ந்து மடிகின்றன. ஆனால் 'பி' அணு இல்லாமல் மனிதன் காலம் தள்ளலாம்; குறைகிற எதிர்ப்புப் பொருளை ஊசியில் கொடுத்துச் சமாளிக்கலாம். நுரையீரல் இல்லாமல், ஈரல் இல்லாமல் தள்ள முடியுமா?

2010-ல் வெளியான ஒரு சம்பவத்தை இந்தத் துறையில் யாரும் மறக்கவில்லை. அமெரிக்கத் தேசியப் புற்று நோய் ஸ்தாபனத்தில், குடல் புற்று முற்றிய ஒரு நோயாளிக்கு, 'ஹெர்-2' என்ற அடையாளத்தைத் தேடும் அணுக்களைச் செலுத்தினார்கள். எண்ணிக்கை 1,000 கோடி. பதினைந்தே நிமிஷத்தில் மூச்சுத் திணறல் ஆரம்பித்துவிட்டது. ஐந்தாம் நாள் உயிர் போயிற்று. நுரையீரலின் நல்ல அணுக்களிலும் அந்த அடையாளம் துளித் துளியாக இருந்திருக்கிறது. மனிதக் கண்ணுக்குத் துளி. சிப்பாய்க்கு அது போதும். கலர் சார்ட்டரைக் கொஞ்சம் கூடுதலாக முடுக்கிவிட்டால் பழுப்பு அரிசியோடு நல்ல அரிசியையும் சேர்த்துத் தள்ளுகிறதல்லவா? அந்தக் கதைதான்.

"அப்போ ஒண்ணும் ஆகாதுங்கிறியா?" என்றார் ஆச்சி. அப்படியும் இல்லை. சீனாவில் நடந்ததைக் கேளுங்கள்.

வயிற்றின் உட்சுவரில் 'கிளாடின்' என்று ஒரு பொருள் உண்டு. பக்கத்துப் பக்கத்து அணுக்களைத் தைத்து வைக்கும் நூல் மாதிரி. நல்ல அணுவில் அது தையலுக்குள் மறைந்து கிடக்கும். புற்று வந்து சுவர் குலைந்ததும் வெளியே தலைகாட்டும். வெளியே தெரிகிற நூலைப் பிடிக்கச் சிப்பாய்களைப் பழக்கினார்கள். மற்ற மருந்துகள் தோற்றுப்போன வயிற்றுப் புற்று நோயாளிகள் 156 பேர். அவர்களைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இந்த அணுக்கள், மற்றதற்கு வழக்கமான மருந்து. கட்டிப் புற்றில் கார்-டி வைத்தியத்தை இப்படி நேருக்கு நேர் நிறுத்திச் சோதித்தது அதுவே முதல் தடவை. 2025-ல் முடிவு வெளியாயிற்று.

வழக்கமான மருந்து பெற்றவர்களுக்கு நோய் மேலும் முற்றாமல் நின்ற காலம், நடுத்தரமாக, ஒன்றே முக்கால் மாதம். அணுக்கள் பெற்றவர்களுக்கு மூன்றே கால் மாதம். உயிரோடு இருந்த காலம் முன்னவர்களுக்கு ஐந்தரை மாதம். பின்னவர்களுக்கு ஏறக்குறைய எட்டு மாதம். அணுக்கள் பெற்றவர்களில் அநேகமாக எல்லாருக்குமே கடுமையான பக்க விளைவுகள் உண்டாயின.

நேயர்களே, இந்தக் கணக்கை இரண்டு விதமாகப் படிக்கலாம். பூட்டிய வீட்டின் கதவு முதல் தடவையாகத் திறந்தது என்று ஆராய்ச்சியாளர் மகிழ்கிறார். அவர் மகிழ்வது சரி. 'வயலை விற்றால் தம்பி பிழைத்துவிடுவான்' என்று நினைக்கிற அக்காவுக்கோ, அது இரண்டரை மாதக் கணக்கு. இரண்டரை மாதம் அற்பம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு பேத்தி கல்யாணத்தைப் பார்க்க அது போதும். ஆனால் வாங்குகிறவருக்கு, தாம் வாங்குவது இன்னதென்று தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் நல்ல சேதி உண்டு. நரம்பு அணுக்களில் தோன்றும் 'நியூரோபிளாஸ்டோமா' என்ற கட்டி, சிறு குழந்தைகளைப் பிடிக்கும் பொல்லாத நோய். ரோமாபுரியில் குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றில் 27 பிள்ளைகளுக்கு இந்த அணு வைத்தியம் செய்து, 2023-ல் அறிக்கை கொடுத்தார்கள். 17 பேருக்குப் பலன். அவர்களில் 9 பேருக்குக் கட்டி முற்றிலும் மறைந்தது. இந்த அணுக்களுக்குள் ஒரு சாமர்த்தியமான ஏற்பாடும் உண்டு. சிப்பாய்கள் எல்லை மீறினால், ஒரு மருந்தைக் கொடுத்த மாத்திரத்தில் அவர்கள் தாங்களே மடிந்துவிடுவார்கள்! அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் 2004-க்கும் 2009-க்கும் இடையே இதே நோய்க்குச் சிகிச்சை பெற்ற 19 குழந்தைகளில் பலர் பிழைக்கவில்லை. ஆனால் ஒரு பெண், 18 வருஷங்களுக்குப் பிறகும் நோயின்றி, தாயாகவும் ஆகியிருப்பதாக 2025-ல் எழுதியிருக்கிறார்கள். கட்டிப் புற்றில் இவ்வளவு நீண்ட ஆயுள் வேறு எந்தக் கார்-டி நோயாளிக்கும் பதிவானதில்லை.

மூளைக் கட்டியில் நடந்தது ஒரு விசித்திரம். 2024-ல் பாஸ்டன் நகர டாக்டர்கள் மூன்று நோயாளிகளுக்கு, ரத்தத்தில் ஏற்றாமல் மண்டைக்குள் இருக்கும் நீரிலேயே அணுக்களைச் செலுத்தினார்கள். தெருவழியே போகாமல் கூரை வழியாக இறங்கினார்கள் என்று வையுங்கள். சில நாட்களில் கட்டிகள் சுருங்கியதைப் படத்தில் பார்த்து டாக்டர்களே பிரமித்தார்கள். ஆனால் இருவருக்குக் கொஞ்ச நாளில் திரும்பி வந்துவிட்டது.

இதற்குப் பங்காளி முறை வைத்தியங்கள் இரண்டையும் சொல்லிவிடுகிறேன். கட்டியை வெட்டி எடுத்து, அதற்குள் முன்பே நுழைந்து களைத்துக் கிடக்கும் 'டி' அணுக்களைப் பொறுக்கி, வெளியில் தீனி போட்டு வளர்த்துத் திருப்பி அனுப்புவது ஒன்று. அமெரிக்கா 2024 பிப்ரவரியில் 'மெலனோமா' என்ற தோல் புற்றுக்கு இதை அங்கீகரித்தது. மற்றொன்று, அணுவின் உட்புற ரகசியத்தையும் மோப்பம் பிடிக்கும் வகை. அதே ஆண்டு ஆகஸ்டில், மூட்டுகளின் அருகே வரும் ஓர் அபூர்வக் கட்டிக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் அசல் யாளிக்கு, கட்டிப் புற்றைப் பொறுத்தவரை, 2025-ன் பாதி வரை எந்த நாட்டு அரசும் முத்திரை குத்தவில்லை.

ஆகையால், 'உங்கள் ரத்தத்திலிருந்தே எதிர்ப்பு அணு தயாரித்து எந்தக் கட்டியையும் கரைத்துத் தருகிறோம், இத்தனை லட்சம்' என்று யாராவது விளம்பரம் செய்தால், வாசற்படியோடு திரும்பி வாருங்கள். சோதனையில் இருக்கும் வைத்தியத்தைச் சோதனையாகத்தான் கொடுக்கலாம். ஆராய்ச்சிக்காகச் செய்யப்படும் எதற்கும் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நெறி. ஒவ்வொரு சோதனைக்கும் அரசாங்கப் பதிவேட்டில் ஓர் எண் இருக்க வேண்டும். சோதனையால் தீங்கு நேர்ந்தால் சிகிச்சையும் நஷ்ட ஈடும் தர வேண்டும் என்று 2019-ம் வருஷத்து விதிகள் சொல்கின்றன. 'பதிவு எண் என்ன?' என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். எதிரே இருப்பவர் முகம் எப்படிப் போகிறது என்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

பிறகு ஆச்சியின் தம்பி எங்கே போவது? புதுவயலுக்குக் கூப்பிடு தூரம் என்று சொல்லும்படி இருக்கும் புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தம் தங்கை புற்று நோயால் துடித்து மடிந்ததைக் கண்ணால் கண்டவர். அந்த வேதனையில் பிறந்ததுதான் அடையாறு புற்று நோய் ஆஸ்பத்திரி. 1954-ல் குடிசைகளில், 12 படுக்கைகளோடு ஆரம்பித்தார்கள். அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், மறு வருஷம் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை நாடறிந்த ஸ்தாபனமாக வளர்த்தார்கள். அங்கே போகலாம், அவ்வளவு தூரம் வேண்டாமென்றால் மதுரை அரசாங்க ராஜாஜி ஆஸ்பத்திரியில் புற்று நோய்ப் பிரிவு இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருஷத்தில் 5 லட்சம் வரை உண்டு. வயிற்றுப் புற்று ஆரம்பத்திலேயே தெரிந்தால், கத்தியும் மருந்தும் சேர்ந்து குணப்படுத்திவிடுவது இன்றைக்கும் நடக்கிறது. யாளியைத் தேடி ஊர் ஊராக அலைந்து அந்த நேரத்தைத் தொலைத்தவர்களை நான் அறிவேன்.

ஆச்சியிடம் கடைசியாகச் சொன்னது ஒரு சின்ன விஷயம். வயிற்றுக்குள் குழாய் விட்டு எடுக்கும் சதைத் துணுக்கை ஆஸ்பத்திரியில் மெழுகுக் கட்டியில் பதித்து வைப்பார்கள். அதை வைத்துத்தான் 'ஹெர்-2' உண்டா, கிளாடின் உண்டா என்று பார்க்க முடியும். ஹெர்-2 இருந்தால் அதைக் குறிபார்க்கும் ஊசி மருந்து நம் நாட்டிலேயே தயாராகிறது. அதற்கு யாளி வேண்டியதில்லை. நாளைக்கு ஏதாவது சோதனையில் சேர்ப்பதானாலும், 'மெழுகுக் கட்டி இருக்கிறதா?' என்பதை அவசியம் கேட்பார்கள். ஆச்சி தம் கணக்கு நோட்டை எடுத்து, வயல் குத்தகைக் கணக்குக்குக் கீழே, அந்தக் கட்டியின் எண்ணை எழுத ஓர் இடம் விட்டு வைத்தார்.